படத்தைக் காப்பாற்றிய சங்கம்

உலகத்தில் ஓவியக் கலை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு முழுமுதற் காரணம் ஸ்டென்ஹவ்ன் துறைமுகக் கலைச் சங்கம்தான். இதை நான் சொல்லவில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. ஆண்டறிக்கையை எழுதுகிறவன் நான் என்பது வேறு விஷயம்.

பத்தொன்பது ஆண்டுகளாகச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். அதற்கு முன்பு நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரில் இருப்பதை எழுதிக்கொண்டு, வீட்டுக்காரர் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் வருவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. கலைக்குத் தொண்டு செய்ய இதற்கு மேல் தகுதி தேவையில்லை என்று அன்றே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒன்பது துணைக்குழுக்கள். காபிக் குழு, பேருந்துக் குழு, சட்டக் குழு, கொள்முதல் குழு, நாற்காலிக் குழு என்று ஒரு குறையும் கிடையாது. இத்தனை பேரில் படம் வரைகிறவர் ஒரே ஒருவர். அவர் பெயர் ரக்னா ப்ரூன். கலைச் சங்கத்தில் ஓர் ஓவியராவது இருந்தாக வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. இருந்தும் ஒருவரை வைத்திருந்தோம். எங்கள் பெருந்தன்மை அப்படி.

சங்கத்துக்குத் துறைமுகத்தில் சொந்தக் கட்டடம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே மீனைப் பீப்பாயில் அடைத்தார்கள். இப்போது கீழே எங்களை அடைத்து வைத்துக் கூட்டம் நடத்துகிறோம். மாடியில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோடு ஓர் அறை இருக்கிறது. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி விழும், வண்ணம் ஏமாற்றாது என்பார் ரக்னா. சங்க விதி பதினொன்றின்படி அந்த அறை உறுப்பினருக்கு மட்டுமே. ரக்னா உறுப்பினர். ஆகவே பதினோரு ஆண்டுகளாக அறை அவரிடம் இருந்தது. வேலை செய்யும் ஓவியரைத் தொந்தரவு செய்யலாகாது என்பது சங்கத்தின் கொள்கை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் நாங்கள் ஒருவர்கூட மாடிப்படி ஏறியதில்லை.

இனி எங்கள் சீட்டுக் குலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு படங்கள் வாங்குவோம். பொதுக்குழுவில் எல்லார் எண்ணையும் ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்குவோம். முதலில் வந்த எண்ணுக்காரர் முதலில் போய்த் தமக்குப் பிடித்த படத்தை எடுத்துக்கொள்வார். அப்புறம் இரண்டாவது எண். இப்படி ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் கலை ஏறியிருக்கிறது. கலையை மக்களிடம் சேர்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ரசனை வேண்டாம், அதிர்ஷ்டம் போதும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. முன்பொரு தலைவர், தன் மனைவி வரைந்த ரோஜாப்பூப் படங்கள் ஏழையும் சங்கத்தை வாங்க வைத்துவிட்டார். அந்த ஆண்டு ஏழு குடும்பங்கள் வாய் பேசாமல் ரோஜாவோடு வீட்டுக்குப் போயின. மறு ஆண்டு விதி ஏழு பிறந்தது: சங்கம் தன் உறுப்பினரிடமிருந்து எந்தப் படத்தையும் வாங்கலாகாது.

ரக்னா ஒரே ஒரு முறைதான் இதைப் பற்றிக் கேட்டார்.

"நான் மாடியில வரையறேன். நீங்க பஸ் பிடிச்சு வேற ஊருக்குப் போய் வாங்கறீங்க. இது என்ன நியாயம்?"

தலைவர் வால்டெமார் லிண்ட் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். யாரிடமும் இதமாகத்தான் பேசுவார். பேசி முடிப்பதற்குள் பல் கையில் இருக்கும்.

"உன்கிட்ட வாங்கினா ஊர் என்ன பேசும், சொல்லு? உன் பேர் கெட்டுடக் கூடாதுன்னுதாம்மா வாங்காம இருக்கோம்."

"என் பேருக்குப் பசிக்குதே."

'உறுப்பினர் ரக்னா ப்ரூன் சங்கத்தின் அக்கறைக்கு நன்றி தெரிவித்தார்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதற்கப்புறம் அவர் தன் படங்களை வேறு ஊர்க் கடைகளுக்கு அனுப்பி விற்றுக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு பெரிய படத்தையும் தொடங்கினார். நான்கு மீட்டர் நீளம். ஊரே படகுத்துறையில் திரண்டு நின்று கடலைப் பார்ப்பது போல. மூன்று வருட வேலை. ஆர்ஹூஸ் நகரில் ஒரு காட்சிக்கூடம் அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய படங்களைத் தனியாகத் தொங்கவிட ஒப்புக்கொண்டிருந்தது. அறுபத்தோரு வயதில் அவருக்கு இது முதல் முறை. அந்தப் பெரிய படம் இல்லையென்றால் காட்சி இல்லை. வானமும் ஓரிரண்டு முகமும் மட்டும் பாக்கி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் போன ஆண்டு ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி கொள்முதல் குழு பேருந்தில் ஓடென்ஸ நகரத்துக்குப் போனது. குழுத் தலைவி இங்கெலிஸ, எங்கள் ஊரில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். எந்தப் படத்தையும் சோபாவோடு சேர்த்துத்தான் பார்ப்பார். அன்று ஒரு கடையில் ஒரு படத்தின் முன்னால் நின்றவர் ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. மயக்கம் வருகிறதோ என்று பேருந்துக் குழுவினர் நாற்காலி கொண்டுவந்தார்கள்.

"இது எந்தத் திரைச்சீலைக்கும் ஒத்துப்போகும்" என்றார் கடைசியில். அவர் அகராதியில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "எய்னார், பார்க்கப் பார்க்கக் குளிருதுப்பா" என்றார்.

துறைமுகத்தில் காலை மூடுபனி. அவ்வளவுதான் படம். ஒரு படகின் பாதி, கயிற்றின் ஒரு முனை. எனக்கும் ஏதோ செய்தது, மறைப்பானேன். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பனி அது. ஆனால் அன்றுதான் பார்த்தேன்.

"யார் வரைஞ்சது?" என்று கேட்டார் இங்கெலிஸ.

"வடக்கே எங்கயோ துறைமுகத்துல ஒரு அம்மா இருக்காங்களாம். பேரும் போடாம படத்தை லாரியில போட்டு அனுப்பிடுவாங்க" என்றார் கடைக்காரர்.

"நம்ம ஊர்லயும்தான் ஒருத்தி இருக்கா, வருஷம் முழுக்க மாடியில எதையோ தீட்டிக்கிட்டு. இப்படி ஒண்ணு வரைஞ்சா என்னவாம்?"

படத்தை வாங்கிக் கம்பளியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து, கூட்ட அறையில் பிரித்து வைத்துச் சுற்றி நின்று காபி குடித்தோம். அப்போது ரக்னா தூரிகை கழுவக் கீழே இறங்கி வந்தார்.

"அட, என் மூடுபனி! இது எப்படிடா திரும்பி வந்துச்சு?"

தலைவர் கையிலிருந்த இலவங்கப்பட்டை ரொட்டி காபிக்குள் விழுந்தது.

"உன்னுதா? விளையாடாதே ரக்னா" என்றார் இங்கெலிஸ.

"திருப்பிப் பாரு. கித்தான் கிழிஞ்சு என் பழைய சட்டைத் துணிய ஒட்டியிருப்பேன்."

திருப்பிப் பார்த்தோம். கட்டம் போட்ட சட்டைத் துணி, பொத்தான் துளையோடு.

"பதினோரு வருஷமா உங்க தலைக்கு மேலதான வரையறேன்? ஒரு நாளாவது ஏறி வந்து பார்த்தீங்களா?"

"தொந்தரவு பண்ணக் கூடாதேன்னுதாம்மா" என்றார் தலைவர்.

ரக்னா சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவருக்குச் சிரிப்பு. எங்களுக்கு நெருக்கடி. விதி ஏழு உடைந்துவிட்டது! சங்கம் தன் உறுப்பினரின் படத்தை வாங்கிவிட்டது. அதுவும் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. சங்க வரலாற்றில் இப்படியொரு களங்கம் வந்ததில்லை.

சட்டக் குழு ஏழு முறை கூடியது. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? கடைக்காரர் மாட்டேன் என்றார். இங்கெலிஸவோ படத்தைத் தொட்டால் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் படுப்பேன் என்றார். விதி ஏழைத் திருத்தலாமா? அதற்கு அடுத்தடுத்து இரண்டு பொதுக்குழுக்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மார்ச் மாதக் குலுக்கலோ சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக் குலுக்கல். மூடுபனி இல்லாமல் அதை நடத்துவதாவது! ஏழாவது கூட்டத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விதி மேல தப்பு இருக்கா?"

"இல்ல" என்றோம்.

"படத்து மேல?"

"ஐயோ, இல்லவே இல்ல."

"அப்போ பாக்கி என்ன இருக்கு?"

எல்லாரும் மேலே பார்த்தோம். மாடியில் ரக்னா நடக்கும் சத்தம் கேட்டது. தீர்மானத்தை அப்போதே எழுதிவிட்டோம்: 'ஓவியர் ரக்னா ப்ரூனின் உறுப்பினர் பதவி, பேருந்துப் பயணத்துக்கு முந்தைய நாளான ஆகஸ்ட் இருபத்திரண்டோடு முடிவுற்றதாகக் கருதப்படும்.' படத்தைக் காப்பாற்ற ஒரு கலைச் சங்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

மார்ச் பதினான்காம் தேதி மாலை பொதுக்குழு கூடியது. வழக்கம்போல் எல்லாரும் எழுந்து நின்று பாட்டுப் பாடினோம். இறால் வைத்த கறுப்பு ரொட்டி தின்றோம். நூற்று முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மூடுபனி மேடையில் இருந்தது, அதற்கென்று ஒரு விளக்கோடு. தலைவர் ரக்னாவைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். 'நம் சங்கத்தின் மூச்சுக்காற்று' என்றார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு தீர்மானத்தை வாசித்தார்.

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

நூற்று முப்பது கைகள் எழுந்தன. என் கையும்தான்.

"எதிர்க்கிறவங்க?"

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. நகக்கண்ணெல்லாம் நீலம். தலைவர் என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தோடு எழுந்தேன்.

"தீர்மானப்படி ரக்னா ஆகஸ்டுலேர்ந்தே உறுப்பினர் இல்ல. உறுப்பினர் இல்லாதவங்க கையத் தூக்கினா அது வாக்கு இல்ல, வெறும் கை."

"தீர்மானம் இன்னும் நிறைவேறவே இல்லையேடா!" என்றார் ரக்னா.

"உன் கைய எண்ணலைன்னா ஒருமனதா நிறைவேறிடுச்சு."

"ஏன் எண்ண மாட்டே?"

"அதான் நிறைவேறிடுச்சே."

கூட்டம் கைதட்டியது. சட்டக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். குறிப்பேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"அப்போ என் அறை?" என்று கேட்டார் ரக்னா.

"விதி பதினொண்ணு இருக்கேம்மா" என்றார் தலைவர்.

"செப்டம்பருக்குள்ள படத்தை முடிக்கணும். வானம் பாக்கி, தலைவரே. ஆறு மாசம் கொடுங்க. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க. அந்த வெளிச்சம் இல்லாம எனக்கு வானம் வராது."

அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அரங்கில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிக் குழுத் தலைவர் ஒரு நாற்காலியை நேராக்கினார்.

"உனக்கு இல்லாததா? மறுபடி சேர்ந்துக்கோ. எய்னார், விண்ணப்பம் ஒண்ணு கொடுப்பா" என்றார் வால்டெமார்.

கொடுத்தேன். அங்கேயே நிரப்பினார். புதிய உறுப்பினர் என்பதால் அறைக்கான காத்திருப்புப் பட்டியலில் பதினெட்டாம் இடம் கிடைத்தது. முன்னால் இருந்த பதினேழு பேரில் யாரும் வரைகிறவர் இல்லை. ஒருவருக்கு மேசைப் பந்து மேசை போட வேண்டும். இன்னொருவருக்குப் பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்க இடம் வேண்டும். ஆனாலும் வரிசை என்றால் வரிசைதானே.

அடுத்து குலுக்கல். தொப்பி என்னுடையது. முதலில் வந்த எண் முப்பத்தெட்டு. அதுவும் என்னுடையது. மேடைக்குப் போய் மூடுபனியை எடுத்துக்கொண்டேன். இப்போது என் வீட்டுச் சோபாவுக்கு மேலே இருக்கிறது. திரைச்சீலையோடு பொருந்துகிறதா என்று இங்கெலிஸ வந்து பார்த்துவிட்டும் போனார்.

ரக்னா அறையைக் காலி செய்தார். பெரிய படம்தான் வரவில்லை. படிக்கட்டு குறுகல். கித்தானைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டவும் வழியில்லை, வண்ணம் தடிமனாக இன்னும் ஈரமாக இருந்தது. மாடித் தரையில் பழைய சரக்குக் கதவு ஒன்று உண்டு, அதன் வழியாகக் கயிறு கட்டி இறக்கலாம். ஆனால் கீழே அதற்கு நேர் அடியில்தான் சங்கத்தின் காபி எந்திரம் நிற்கிறது. நகர்த்தினால் எந்திரத்தின் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்று காபிக் குழு எழுத்து மூலம் தெரிவித்தது. படம் அங்கேயே இருந்தது, அதை முடிக்க வருவோம் என்று அவர் விட்டுப்போன சில சாமான்களும்தான்.

இங்கேதான் தலைவரின் மேதைமை வெளிப்பட்டது. பதினேழு பேரில் யாருக்கு அறையைக் கொடுத்தாலும் பதினாறு பேர் சண்டைக்கு வருவார்கள். ஆகவே யாருக்கும் கொடுக்காமல் அதை 'உழைக்கும் ஓவியர் அறை' என்று அறிவித்தார். குறுக்கே சிவப்புக் கயிறு கட்டினோம். பொருள்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினோம். 'தூரிகைகள், ஏழு.' 'முக்காலி.' 'காபிக் கோப்பை, கழுவப்படாதது.' ஞாயிறுதோறும் பதினொன்றிலிருந்து மூன்று வரை, நுழைவுச் சீட்டோடு. ரக்னா அங்கே வேலை செய்த பதினோரு ஆண்டுகளில் அறையைப் பார்க்க ஓர் ஆளும் வந்ததில்லை. அவர் இல்லை என்றதும் படிக்கட்டில் வரிசை நின்றது. ஓவியரைப் பேணும் முன்மாதிரிச் சங்கம் என்று நகராட்சி எங்களுக்கு விருது கொடுத்தது. தலைவர் அதைத் தன் பழைய மருத்துவமனைக் கண்ணாடி அலமாரியில், பல் அச்சுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ரக்னா தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் ஒரு மூலை வாங்கிச் சின்னச் சின்னப் படங்கள் வரைந்தார். ஞாயிறுதோறும் வரிசையில் நின்று சீட்டு வாங்கி மாடிக்கு வருவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தன் படத்தைப் பார்ப்பார். வழிகாட்டி நான்தான்.

"எய்னார், மேல இடது மூலையப் பாரேன். பழுப்பா நிக்குது. பத்து நிமிஷம் உள்ள விடு. பிரஷ் அங்கயே இருக்கு."

"அது காட்சிப் பொருள்."

"என் பிரஷ்டா அது!"

"சீட்டு ஒட்டியாச்சு, ரக்னா."

கையை நீட்டிப் படத்தைக் காட்டினார். பிறகு, "நீயும் அதுல இருக்கே, தெரியுமா? மூணாவது வரிசையில, மீட்டர் புத்தகத்தோட. உன் மூஞ்சி இன்னும் முடியலை" என்றார்.

அவர் போன பிறகு கயிற்றில் சாய்ந்து பார்த்தேன். ஆமாம், இருந்தேன். தோள் இருந்தது, புத்தகம் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கித்தான் இருந்தது. அன்று மதியம் எனக்குக் காபி இறங்கவில்லை. மறுநாள் காபிக் குழுவிடம் முறைப்படி தெரிவித்தேன். எந்திரத்தைச் சோதித்துவிட்டு, குறை இல்லை என்று பதில் எழுதினார்கள்.

செப்டம்பர் வந்தது. ஆர்ஹூஸில் வேறு யாருடைய படங்களோ தொங்கின. ரக்னா அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கயிறு அங்கேயே இருந்தது, நானும் அங்கேயே இருந்தேன்.

அந்த மாதத்துக் கடைசி ஞாயிறு, ஸ்வீடனிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். முடியாத வானத்தையும் சீட்டு ஒட்டிய காபிக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாவம், முடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்களா? எப்போ இறந்தாங்க?"

வழிகாட்டிக் குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. காகிதங்களைப் புரட்டினேன். எனக்குப் பின்னால், நுழைவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ரக்னா பதில் சொன்னார்.

"மார்ச் பதினாலு. சாயங்காலம்."

"அடக் கடவுளே. திடீர்னா?"

"இல்ல. ஏழு கூட்டம் போட்டு."

"புரியலையே... எப்படி இறந்தாங்க?"

"எல்லாரும் கையத் தூக்கினாங்க" என்றார் ரக்னா.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு சங்கத்தின் செயலாளர் அரைகுறைத் தகவலை அப்படியே விட்டுவிடலாகாது.

"ஒருமனதாக" என்று திருத்தினேன்.